தொண்ணூற்றொன்பதைக் கூட்டு

கொம்தாரின் முப்பத்தெட்டாம் மாடி.
ஏர்கோன் மட்டும் மூச்சுவிடும் இரவு பத்து.
ஜார்ஜ்டவுன் நிலக் குத்தகைகள் எழுநூற்றுச் சொச்சத்தைப்
பழைய தரவுத்தளத்திலிருந்து புதியதற்குக்
குடிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவன் எவனோ
நூற்றாண்டைக் கணக்கிட ஒற்றை வரி எழுதிவைத்திருக்கிறான்:
ஆண்டை நூறால் வகு, ஒன்றைக் கூட்டு.
பார்வைக்கு ஒழுங்கான வரி.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை
உண்மை பேசும் வரி.
அது பொய் சொல்ல
ஆண்டின் வால் இரண்டு பூச்சியமாக வேண்டும்.

பூச்சியம் என்றோர் ஆண்டு இருந்ததே இல்லை.
கிறிஸ்துவுக்கு முன் ஒன்று,
விடிந்தால் கிறிஸ்துவுக்குப் பின் ஒன்று.
நடுவே நின்று இளைப்பாற ஒரு படிகூட இல்லை.
ஒன்றில் எண்ணத் தொடங்கினால்
நூறில்தானே நூறு நிரம்பும்?
இரண்டாயிரம், இருபதாம் நூற்றாண்டின் கடைக்குட்டி.

அது பிறந்த இரவில் படாங் கோத்தாவில் வாணம் விட்டார்கள்.
எனக்குப் பதினோரு வயது.
கடல் சுவரில் ஏறி நின்று
புது ஆயிரம் வந்துருச்சு என்று தொண்டை கிழியக் கத்தினேன்.
ஓராண்டு முந்திக் கத்தியதை
இப்போது திருத்துகிறேன், சம்பளம் வாங்கிக்கொண்டு.

திருத்தம் இவ்வளவுதான்:
ஆண்டோடு தொண்ணூற்றொன்பதைக் கூட்டு,
நூறால் வகு, மீதியை எறி.
ஆயிரமாண்டு வேண்டுமா,
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைக் கூட்டு,
ஆயிரத்தால் வகு.

எழுதி முடித்ததும் சிரிப்பு வந்தது.
இந்தத் தீவின் மண்ணைக் குத்தகைக்கு விட்டவர்களும்
இதே இரண்டு எண்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.
முழு நூறைக் கொடுக்க மனம் வராத கை.
முழு ஆயிரம் என்று எழுதக் கூசிய பேனா.
2899இல் முடியும் பட்டா ஒன்று என்னிடம் இருக்கிறது.
அதைப் புதுப்பிக்க வருகிறவர்
எந்த மொழியில் கையெழுத்துப் போடுவாரோ.
நான்கு இலக்கம் போதும் என்று பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

சோதனையை ஓட்டினேன்.
1900, பத்தொன்பது.
2001, இருபத்தொன்று.
2000, இருபது.
பச்சை, பச்சை, பச்சை.
பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
ஒரே ஒரு வரிசை இடம் மாறியிருந்தது.

1902 ஜனவரி ஒன்று முதல்
2000 டிசம்பர் முப்பத்தொன்று வரை.
பினாங்கு வீதி, முனைக் கடை.

இருபதாம் நூற்றாண்டோடு காலாவதியான குத்தகைகளுக்கெல்லாம்
அப்போதே கடிதம் போய்விட்டது.
இதற்குப் போகவில்லை.
இது அடுத்த நூற்றாண்டில் படுத்துத் தூங்கியது.

செய்யது மீரானின் ஜெராக்ஸ் கடை.
இன்று மதியம்தான் அங்கே வரிசையில் நின்றேன்.
ஊரார் பட்டாவையெல்லாம் நகலெடுக்கும் இயந்திரம்.
தீர்ந்துபோன மண்ணின் மேல்
கால் நூற்றாண்டாய்ப்
போய்ப்போய்த் திரும்புகிறது அதன் வெளிச்சம்.

வான் அஸ்லினா எட்டிப் பார்த்தாள்.
ஒரு வரிசைதானே, ஏற்றிவிடலாமா என்றாள்.

ஒரு வரிசைதான்.
பழைய வரியை அப்படியே விட்டால்
2100 வரை ஒருவருக்கும் தெரியாது.
அன்றைக்கு இதே நாற்காலியில் வேறொருத்தி,
வேறொரு முனைக் கடை.
கூட்டல் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை.
காப்பி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு ஏற்றினேன்.

மறுநாள், கடிதம் அச்சேறுவதற்கு முன்,
புதுப்பித்தல் பாரத்தோடு கடைக்குப் போனேன்.
"எத்தனை, தங்கச்சி?"
"ஒண்ணு. ரெண்டு பக்கமும்."
சூடாக வந்த தாளை நீட்டினார்.
நான் கை நீட்டவில்லை.
"இது உங்களுக்கு, அண்ணே.
இப்பவே ஒருக்கா படிச்சிருங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.
அது அவர் நெற்றியில்தான் இருந்தது.
இருபது காசை மேசையில் வைத்துவிட்டு
அவர் படித்து முடிக்கும்வரை நின்றேன்.